இருபது மாடு என்று சொன்னவள்

என் மகளுக்கு, ஸலாம். நான் சுகம், உன் சுகத்தை அறிய ஆவல் என்றெல்லாம் எழுதத் தேவையில்லை. நீ பக்கத்து அறையில்தான் இருக்கிறாய். அலுமாரிக் கதவைத் திறந்து மூடுகிற சத்தம் குசினி அடுப்பு வரைக்கும் கேட்கிறது. எந்த உடுப்பை எடுப்பது, எதை விடுவது என்று காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாய். நாளைக்கு நீ புல்மோட்டைப் பக்கம் போய்க் காணி உத்தியோகத்தர் என்ற பெயரோடு ஒரு மேசைக்குப் பின்னால் இருக்கப்போகிறாய். "புல்மோட்டை என்ன, கடல் கடந்த நாடா?" என்று உன் வாப்பா எல்லோரிடமும் வீரம் பேசுகிறார். ஆனால் பாரம் பார்க்கிற சாட்டில் உன் பையை மூன்று தரம் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு தரமும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். இதை நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. நேரில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். நேரில் நான் வாயைத் திறந்தால் நீ "ஓம் உம்மா, தெரியும் உம்மா" என்று பாதியிலேயே எழும்பிப் போய்விடுவாய். கடிதத்தை அப்படி வெட்ட ஏலாது. தயிர்ச் சட்டிகளுக்கு உறை ஊற்றி மூடிவிட்டேன். இனிப் பின்னேரம் வரைக்கும் எனக்கு ஒரு வேலையும் இல்லை. இருந்து வாசி.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன், நெஞ்சுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. வென்றுவிட்டோம் மகள். மேய்ச்சல் தரைக்கு நான்கு பக்கமும் எல்லைக்கல் போட்டாயிற்று, அரசாங்க வர்த்தமானியிலும் வந்தாயிற்று. அந்தத் தாளை உன் வாப்பா பொலித்தீன் உறைக்குள் போட்டு வீட்டு உறுதிப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும், தேத்தண்ணி வருவதற்கு முன் அந்த உறை வந்துவிடுகிறது. கடைசியாக மின்சார மீட்டர் பார்க்க வந்த பிள்ளைக்கும் காட்டினார். நான் சிரிக்கவில்லை. எனக்கும் அதை எடுத்து எடுத்துப் பார்க்க ஆசைதான். இந்த வெற்றியின் மேல்பக்கம் உனக்குத் தெரியும். அடிப்பக்கம் தெரியாது, நீ அப்போது கெம்பஸில் படித்துக்கொண்டிருந்தாய். அந்த மேசைக்குப் போகிற உனக்கு அடிப்பக்கம்தான் தேவை.

நீ ஒன்பதாம் வகுப்புப் படித்த வருடம் ஒரு நாள். கால்நடைக் கணக்கெடுப்பு என்று ஒரு உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்து படலைக்கு வெளியே நின்றார். வாப்பா மாட்டுப் பட்டியோடு காட்டுக்குள் இருந்தார். "உங்களிட்ட எத்தன மாடு இரிக்கி?" என்று கேட்டார். "இருபது" என்றேன். கண் கூடச் சிமிட்டவில்லை. அவர் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அடுத்த வீட்டுக்காரியும் என்னைப் பார்த்துவிட்டுப் பதினைந்து என்றாள். அதற்கடுத்தவள் பன்னிரண்டு. நீ கிணற்றடியில் சப்பாத்துக் கழுவிக்கொண்டு நின்று என் முகத்தைப் பார்த்தாய். "உம்மா, அது பொய்தானே?" என்று கேட்டாய். "வாயப் பொத்து, கண்பட்டுரும்" என்று நான் அதட்டியது உனக்கு நினைவிருக்கும். அன்றைக்கு நம்மிடம் நூறுக்கு மேல் நின்றது.

ஏன் அப்படிச் சொன்னேன்? பயத்தில் என்று நீ நினைக்கலாம். பயமும் இருந்தது. கூடச் சொன்னால் வரி வருமோ, பிடித்துக்கொண்டு போவார்களோ என்று, கெட்ட காலங்களையெல்லாம் கடந்து வந்த எங்களுக்கு எந்தத் தாளைக் கண்டாலும் சந்தேகம்தான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், பட்டிக்காரர் மாட்டை எண்ணுவதில்லை. எண்ணினால் பரக்கத், அல்லாஹ் தருகிற விருத்தி, போய்விடும் என்பது உன் வாப்பாவின் வாப்பா காலத்து நம்பிக்கை. உன் வாப்பா மந்தையைப் பார்த்ததும் எது வரவில்லை என்று சொல்வாரே தவிர, எத்தனை வந்தது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. விலைக்கு வாங்க வருகிறவன் கேட்டாலும் "அல்லாஹ் தந்தது நிக்கிது" என்பார். நானும் இந்த வீட்டுக்குக் கலியாணம் முடித்து வந்து அதையே பழகிக்கொண்டேன். நான் வயல்காரர் வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டில் நெல் மூட்டையை விரல் விட்டு எண்ணுவோம். ஆனாலும் மாட்டு விஷயத்தில் நான் உன் வாப்பாவையும் மிஞ்சிய பட்டிக்காரியாகிவிட்டேன்.

அந்த இருபது நம்மை எப்படி அடித்தது என்று கேள். மாரி மழை விழுந்து விதைப்பு முடிந்தால் வயல் வெளியில் மாடு நிற்கக்கூடாது, அது சட்டம், ஞாயமும்தான். அருவி வெட்டி அறுவடை முடிந்தால் வயல்காரரே வந்து கூப்பிடுவார்கள், அறுத்த நெல் தாளைத் தின்று சாணியைப் போட்டுவிட்டுப் போகட்டும் என்று. இடையில் வருகிற அந்த மாதங்களுக்குத்தான் தெற்குப் பக்கப் பற்றைக்காட்டுத் தரை. அதை யாரும் எங்களுக்கு எழுதித் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒரு வருடம் போய்ப் பார்த்தால் அங்கே கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். அடுத்த வருடம் சோளம் நின்றது. அதற்கடுத்த வருடம் முள்ளுக்கம்பி. பயிர்செய்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, அவர்களும் பிள்ளை குட்டிக்காரர், கையில் பத்திரம் வைத்திருந்தார்கள். எங்களிடம் என்ன இருந்தது? எங்களிடம் மாடே இல்லை என்று நாங்களே சொல்லிக் கொடுத்திருந்தோம்.

பிறகு நடந்தது நாடறிந்த கதை. போக இடமில்லாத மாடு எங்கே போகும்? பச்சை தெரிகிற பக்கம் போகும். உன் மாமாவின், என்னோடு கூடப்பிறந்த மூத்தவரான காக்காவின், வயலுக்குள் அது இறங்கியது கதிர் பால் பிடித்த நேரம். ஒரு விடியலில் கால்வாசி வயல் மொட்டையாகிப் போயிற்று. காக்கா ஏழு மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு இங்கே வந்து நின்றார். "தங்கச்சி, வந்து பாரு, உன்ட மாப்பிள்ளைட மாடு என்ட வயிற்றில அடிச்சிரிக்கி" என்றார். வாப்பா "அது எங்கட மாடில்ல" என்று சொன்னார். சொந்த மைத்துனன் முகத்தைப் பார்த்து அப்படிச் சொன்னார். குறி சுட்ட இடம் தெரிகிற மாடு, ஊரில் கண் தெரியாதவனுக்கும் அது யாருடையது என்று தெரியும். எனக்கும் தெரியும். நான் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு பேசாமல் நின்றேன். காக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு இரண்டு பெருநாளைக்கு அவர் இந்தப் படலையைத் திறக்கவில்லை. உனக்குப் பெருநாள் காசு தருவதற்கு மட்டும் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாராம். எனக்கு எவ்வளவு வெட்கம் என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன்.

டவுனில், ஓர்ஸ் ஹில்லில் ஒரு அலுவலகத்தில் இதைப் பற்றிக் கூட்டம் வைத்தார்கள். வயல்காரர் ஒரு பக்கம், பட்டிக்காரர் ஒரு பக்கம். வயல்காரர் அமைப்பின் செயலாளர் யார்? உன் மாமாதான். பட்டிக்காரர் பக்கத்தில் ஆண்கள் எல்லோரும் வாய் செத்தவர்கள் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் எழும்பி, "எங்கட மாட்டுக்கு மேய ஒரு தரை ஒதுக்கித் தாங்க" என்று வெட்டொன்று துண்டிரண்டாகக் கேட்டேன். என் பேச்சில் எனக்கே பெருமை. தலைமை வகித்தவர் ஒரு கோவையைப் புரட்டினார். "அம்மா, உங்கட பகுதியில இரிக்கிற மாட்டுக்கு இப்ப இரிக்கிற தரையே மிச்சம். இதில உங்கட வீட்டுக்கு இருபது எண்டு போட்டிரிக்கி. இருபது மாட்டுக்கு எத்தன ஏக்கர் கேக்குறீங்க?" என்றார். மண்டபமே சிரித்தது. காக்கா மட்டும் சிரிக்கவில்லை, குனிந்துகொண்டார். நான் போட்ட பொய் அச்சடித்து வந்து என் மூக்கை உடைத்த நாள் அது. பஸ்ஸில் வரும்போது வாப்பா ஒன்று சொன்னார். "வித்துருவம். வாற மாரிக்கு முன்னுக்கு முழுப் பட்டியையும் வித்துருவம்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பட்டியை விற்பதென்றால் அவருக்கு என்ன என்று உனக்குத் தெரியும். அந்த மனிதருக்கு வேறு தொழில் தெரியாது, வேறு கதையும் தெரியாது.

அன்று பின்னேரம்தான் நீ போனில் கோல் எடுத்தாய். நடந்ததைச் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "உம்மா, நீங்க சரியான தொகையச் சொல்லாட்டி, அவங்க எப்பிடிச் சரியான தரையத் தருவாங்க?" எனக்கு வந்ததே கோபம்! பெற்று வளர்த்துப் படிக்க அனுப்பினால் எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று போனை வைத்துவிட்டு, நான்கு நாள் உன்னோடு கதைக்கவில்லை. பிறகு நீ கேட்டபோது வேலை கூடிப்போயிற்று என்று பொய் சொன்னேன். அதுவும் பொய்தான், அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள். நான்கு நாளும் நீ சொன்னதுதான் காதுக்குள் நின்றது. ஐந்தாம் நாள், தயிருக்குப் பால் காய்ச்சிக்கொண்டு நிற்கும்போது எனக்கு விஷயம் பிடிபட்டது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன், பால் பொங்கி அடுப்பில் வழிந்தது கூடத் தெரியாமல்.

வாப்பா வேலிக்குக் கம்பு வெட்டிக்கொண்டிருந்தார். "இஞ்சாருங்க, போன ரமழானுக்கு ஸகாத்துக்கு எத்தன கண்டு குடுத்தீங்க?" என்று கேட்டேன். மாட்டுக்கும் ஸகாத், ஏழைகளுக்கென்று மார்க்கம் விதித்த பங்கு, உண்டென்பது உனக்குத் தெரியும். முப்பதுக்கு ஒரு கன்று, நாற்பதுக்கு வேறு கணக்கு, எண்ணாமல் கொடுக்க வழியே இல்லை. அவர் கத்தியை நிறுத்திவிட்டு முழித்தார். "அது... குடுத்தன்." "எண்ணித்தானே குடுத்தீங்க?" "மெதுவா எண்ணினனான்." "அல்லாஹ்வுக்கு எண்ணிச் சொல்லக்குள்ள போகாத பரக்கத், ஒபிஸுக்கு எண்ணிச் சொன்னா மட்டும் எங்க போற?" அவர் சிரிக்கத் தொடங்கினார். வெட்டிய கம்புக் குவியலின் மேலே இருந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "பொல்லாதவள் நீ, இத்தன வருஷமா எனக்கு இது பிடிபடல்லியே" என்றார். இத்தனை வருடமும் ஒவ்வொரு பட்டிக்காரனும் வருடத்துக்கு ஒரு தரம் கதவைச் சாத்திக்கொண்டு சரியாக எண்ணியிருக்கிறான் மகள். வெளியே வந்து பன்னிரண்டு என்றும் பதினைந்து என்றும் சொல்லியிருக்கிறான்.

அந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். விட்டேனா பார். பெண்களிடம் குசினிக்குள் கேட்டேன், ஆண்களிடம் உன் வாப்பா பள்ளி வாசலில் கேட்டார். சிலர் கோபித்தார்கள். ஒருவர் "மார்க்கத்த வெச்சி மாட்டுக் கதை கதைக்காத புள்ள" என்றார். அவருடைய மனைவி உள்ளே இருந்து "எழுபத்திமூண்டு! எங்கட எழுபத்திமூண்டு!" என்று சத்தம் போட்டாள். அவர் பாவம், தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். அதற்குப் பிறகு தொகை தானாக வரத் தொடங்கியது. ஒரு கிழமைக்குள் மிருக வைத்தியரிடம் போய், ஊசி போட்டுக் காதில் இலக்கத் தகடு குத்துகிற நாளொன்று கேட்டோம். அவர் நம்பவில்லை. "நீங்களாகவே கொண்டு வாறீங்களா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

அந்த நாளை நீ பார்த்திருக்க வேண்டும்! வெட்டி முடிந்த வயல்வெளி முழுக்க மாடும் எருமையும். காற்றில் தூசி, கத்தல், கயிறு, பிள்ளைகளின் ஓட்டம். வைத்தியர் கொண்டு வந்த தகடு மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது, ஜீப் அனுப்பி இன்னும் எடுப்பித்தார்கள். எங்கள் முறை வந்தபோது எழுதுகிற பிள்ளை "மொத்தம் எத்தன?" என்று கேட்டாள். வாப்பா என்னைப் பார்த்தார். நான்தான் முதலில் பொய் சொன்னவள், நானே சொல்ல வேண்டும் என்று எனக்குப் பட்டது. "நூற்றி நாப்பத்தாறு" என்று சத்தமாகச் சொன்னேன். சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் லேசாகிப் போயிற்று. வானம் இடிந்து விழவில்லை. ஒரு மாடு மூத்திரம் பெய்தது, அவ்வளவுதான்.

வரம்பில் நின்று உன் மாமா பார்த்துக்கொண்டிருந்தார். வயல்காரர் எல்லோரும் வந்து நின்றார்கள். இவ்வளவு மாடு தங்களைச் சுற்றி நிற்கிறது என்று அவர்களுக்கே அன்றுதான் தெரிந்தது. அடுத்த ஓர்ஸ் ஹில் கூட்டத்துக்கு நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன், கையில் ஒவ்வொரு குடும்பத்தின் பதிவும். ஆனால் நான் எழும்புவதற்கு முன் காக்கா எழும்பிவிட்டார். திரும்பவும் மூக்குடைபடப் போகிறேன் என்று நினைத்தேன். அவர் சொன்னது இது. "சேர், போன முறை இருபது எண்டு சிரிச்சம். நான் போய் என்ட கண்ணால பார்த்தனான். இவ்வளவும் போக இடமில்லாம நிண்டா, எங்கட வேளாண்மை ஒரு நாளும் தப்பாது. இவங்களுக்கு முதல்ல தரையக் குடுங்க. இது நான் அவங்களுக்காகக் கேக்கல்ல, எங்களுக்காகக் கேக்கிறன்." வயல்காரர் பக்கம் முழுக்கக் கை தூக்கியது. தெற்குத் தரையில் சோளம் வைத்திருந்த ஆட்களுக்கும் வேறு பக்கம் காணி பார்த்துத் தரச் சொல்லிக் கேட்டவர் அவரேதான். இல்லாவிட்டால் இந்தச் சண்டை வேறு வாசலுக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். எனக்கு அந்தப் புத்தி வரவில்லை. படியிறங்கும்போது வாப்பா காக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், அது என்ட மாடுதான்" என்றார். எத்தனை வருடம் கழித்து! காக்கா, "ஊருக்கே தெரியும்டா" என்று சொல்லிவிட்டு, பஸ் வரும் வரைக்கும் அந்தக் கையை விடவில்லை.

உடனே எல்லாம் நடந்துவிடவில்லை. தாளுக்குப் பின்னால் தாள், அளப்புக்குப் பின்னால் அளப்பு, நீ படிப்பை முடித்து வீட்டுக்கு வந்தே விட்டாய். கல் நட்ட அன்று நீயும் நின்றாய், வாப்பா கல்லைத் தடவிப் பார்த்ததைப் பார்த்தாய். இந்த மாரிக்கு, சொன்ன திகதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே நம் மாடு வயலை விட்டு ஏறிவிட்டது. ஒரு வரம்பில் ஒரு கால் படவில்லை. முழு ஊரும் பார்த்துக்கொண்டு நின்றது, நான் தலை நிமிர்ந்து நின்றேன்.

ஆகவே மகள், உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒரு பெண் வந்து நின்று, வாய் கூசாமல் ஒரு தொகை சொல்லுவாள். ஏக்கரோ, மாடோ, தென்னம்பிள்ளையோ. பொய் என்று உனக்கு அந்த இடத்திலேயே தெரியும், நீ என் மகளாயிற்றே. உடனே எழுதாதே. பொய்க்காரி என்றும் எழுதாதே. படலைக்கு வெளியே நின்று கேட்காதே, உள்ளே போ, இரு, அவளுக்கு எதில் பயம் என்று கேள். அன்றைக்கு என்னிடம் யாராவது அப்படி இருந்து கேட்டிருந்தால், நம் மாட்டுக்கு அவ்வளவு காலம் அலைச்சல் இருந்திருக்காது. ஆனால் அவர்கள் கேட்கவில்லை என்று நான் சாட்டுச் சொல்லவும் மாட்டேன். பொய் என்னுடையது.

இனிமேல் இந்த வீட்டில் தொகை மறைப்பதில்லை என்று நானும் வாப்பாவும் முடிவெடுத்தோம். அதனால் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ பிறந்து ஏழாம் நாள், பெயர் வைத்த அன்று, வாப்பா ஒரு கிடாரிக் கன்றை உன் பெயருக்கு விட்டார். அது ஈன்றது, அந்தக் கன்றுகள் வளர்ந்து ஈன்றது எல்லாம் உன்னுடையது. கண்பட்டுவிடும் என்று உன்னிடம்கூட நாங்கள் சொல்லவில்லை. நீ உடுப்புக்குப் பணம் கேட்கக் கூச்சப்பட்ட நாட்களிலும் சொல்லவில்லை. தகடு குத்திய அன்று வாப்பா அவற்றைத் தனியாக விட்டு, உன் பெயரிலேயே பதிந்தார். உனக்கு முப்பத்தொரு மாடு இருக்கிறது மகள். ஸகாத்துக்குரிய முப்பதைத் தாண்டிவிட்டாய். இந்த ரமழானுக்கு லீவு போட்டுவிட்டு வா, உன் ஸகாத்துக் கன்றை நீயே பிடித்துக் கொடுக்க வேண்டும்.

உன் உம்மா